சிறுநீரின் நாற்றமும் சிறுநீரகத்தின் நலமும்

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் மக்கள் சில கேள்விகளைத் தாழ்ந்த குரலிலேயே கேட்கின்றனர். "சில நாட்களாக நீர் கழிக்கும்போது ஒருவித நாற்றம் வீசுகிறது, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ?" என்பது அவற்றுள் ஒன்று. கேட்பவர் அச்சத்தோடு கேட்கிறார். விடை கூறுபவரோ, "ஒன்றுமில்லை, நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றோ, "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்" என்றோ கூறி முடித்துவிடுகிறார். இவ்விரு விடைகளும் சிற்சில சமயங்களில் சரியே. ஆனால் எப்போது எது சரி என்பதை அறிந்து கூறுதல் வேண்டும்.

சிறுநீரின் நாற்றம் நமக்கு எதனைத் தெரிவிக்கிறது, எதனைத் தெரிவிப்பதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சுருக்கமாகக் கூறிவிடலாம். நாற்றம் பெரும்பாலும் நாம் குடித்த நீரின் அளவையும், உண்ட உணவையும், சில வேளைகளில் கிருமிகளையும், அரிதாகப் பிற உறுப்புகளின் கோளாற்றையும் அறிவிக்கிறது. சிறுநீரகத்தின் சொந்த நோயை அது அநேகமாக அறிவிப்பதில்லை. ஆகவே நாற்றத்தைக் கண்டு அளவுமீறி அஞ்சுதலும் தவறு. நாற்றமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுதலும் தவறு. இவ்விரண்டில் பின்னதே பெருந்தவறு.

சிறுநீர் உண்டாகும் விதம்

முதுகெலும்பின் இருபுறங்களிலும், கீழ் விலா எலும்புகளை ஒட்டினாற்போல், அவரை விதையின் வடிவில் இரு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ளது. உருவில் சிறியனவாயினும், இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வழியாகவே பாய்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை யாவும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை இரத்தத்தினின்றும் வடிக்கின்றன. அவ்வளவும் வெளியேறிவிடுமாயின் மனிதன் சில மணி நேரங்கூட உயிர்வாழ இயலாது. வடிந்த திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மீண்டும் இரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. எஞ்சிய ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரே சிறுநீராக வெளிவருகிறது.

இதில் நூற்றுக்கு 95 பங்கு வெறும் நீரே. மிகுதி யூரியா, உப்புகள், கிரியாட்டினின், யூரிக அமிலம் முதலியவை. நீர் குறைவாகக் கிடைக்கும்போது சிறுநீரகம் அதே கழிவுப் பொருள்களைக் குறைந்த நீரில் கரைத்து அனுப்புகிறது. இவ்வாறு நீரைச் சேமித்துச் சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் நல்ல சிறுநீரகத்தின் சிறப்பான இலக்கணம். இச்செய்தியை நினைவிற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

பழகிய நாற்றத்தின் பிறப்பிடம்

உடல்நலமுள்ள ஒருவரின் புதிய சிறுநீருக்கு மிக இலேசான மணமே உண்டு. பொதுக் கழிப்பிடங்களில் மூக்கைத் துளைக்கும் நாற்றம் சிறுநீர் உடலை விட்டு வெளியேறிய பின்னர் உண்டாவது. அதற்குக் காரணம் யூரியா.

நாம் உண்ணும் பருப்பு, பால், மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதம் உடலிற் செலவானபின் எஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. 1773-இல் ரூயேல் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் இப்பொருளைச் சிறுநீரினின்றும் பிரித்தெடுத்தார். 1828-இல் ஜெர்மானிய அறிஞர் வூலர் இதனைப் பரிசோதனைச் சாலையிலேயே தயாரித்துக் காட்டினார். இன்று உழவர்கள் மூட்டைகளில் வாங்கும் யூரியா உரமும் இதே பொருள்தான்.

ஈரமான நிலத்தின்மேல் யூரியாவைத் தூவி, மண்ணோடு கலவாமல் விட்டுவிட்டால், சில நாட்களில் அதன் சத்தில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்து வீணாகும் என்பதை விவசாய ஊழியர்கள் அறிவர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து யூரியாவை உடைப்பதால் இது நிகழ்கிறது. கழிப்பிடத்தின் தரையிலும், குழந்தையின் ஈரத்துணியிலும் நடைபெறுவது இதே மாற்றமே. 1926-இல் சம்னர் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் அவரை இனத்தின் விதையிலிருந்து இந்த யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். நொதியொன்று படிகமாக்கப்பட்டது அதுவே முதன்முறை. அதற்காக அவருக்கு 1946-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பெறப்படுகிறது. சிறுநீரின் நாற்றத்தை ஆராய விரும்பினால், சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்த உடனே ஆராயவேண்டும். நேரங்கழித்து வீசும் அம்மோனியா நாற்றம் தரையைக் கழுவ நீர் போதவில்லை என்பதைக் காட்டுமேயன்றி, நோயைக் காட்டாது.

நீர்க்குறைவும் உணவும்

புதிய சிறுநீரிலேயே நாற்றம் மிகுந்திருந்தால், முதலில் எண்ணிப் பார்க்கவேண்டியது நீர்க்குறைவையே. காலையில் எழுந்தவுடன் கழிக்கும் நீரும், கோடையில் வயலில் உழைத்துத் திரும்பியவரின் நீரும், உண்ணா நோன்பிருப்பவரின் நீரும் ஆழ்ந்த மஞ்சள் நிறத்துடன் வீச்சம் உடையனவாக இருக்கும். போதிய நீர் அருந்தியபின் அது வைக்கோலின் வெளிர்நிறத்தை அடைந்து, வீச்சமும் குறையுமாயின், காரணம் அதுவே எனத் தெளியலாம்.

அடுத்தது உணவு. பூண்டு, வெங்காயம், காப்பி ஆகியவற்றின் மணப் பொருள்கள் சில மணி நேரத்தில் சிறுநீரை அடைகின்றன. மேல்நாடுகளில் உண்ணப்படும் ஆஸ்பராகஸ் என்னும் தண்டுக்கீரை கந்தகப் பொருள்களால் கடுமையான நாற்றத்தை உண்டாக்குகிறது. நம் நாட்டில் வெந்தயம் குறிப்பிடத்தக்கது. வெந்தயத்தை மிகுதியாக உண்டவரின் சிறுநீரிலும் வியர்வையிலும் காய்ச்சிய சர்க்கரைப்பாகு போன்ற மணம் தோன்றும். வெந்தயத்திலுள்ள சோட்டோலோன் என்னும் பொருளே இதற்குக் காரணம். பி வைட்டமின் மாத்திரைகள் சிறுநீருக்குப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தையும் தனிப்பட்ட மணத்தையும் தரும். சில எதிருயிரி மருந்துகளும் அவ்வாறே. இவை யாவும் தீங்கற்றவை. உணவை அல்லது மருந்தை நிறுத்திய ஓரிரு நாட்களில் மறைந்துவிடும்.

கிருமிகளால் உண்டாகும் நாற்றம்

மூன்றாவது காரணம் கவனத்திற்குரியது. சிறுநீர்ப் பாதையில் கிருமிகள் குடியேறினால் சிறுநீர் கலங்கி, துர்நாற்றம் அடையக்கூடும். இத்தொற்று நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா. பெண்களின் சிறுநீர் வழி குறுகியதாகையால் அவர்களை இந்நோய் அதிகமாகத் தாக்குகிறது.

புரோட்டியஸ் எனப்படும் வேறொரு பாக்டீரியா தானே யூரியேஸைச் சுரக்க வல்லது. கழிப்பிடத் தரையில் நிகழும் மாற்றம் அப்போது உடலுக்குள்ளேயே நிகழ்கிறது. புதிய சிறுநீரே அம்மோனியா நாற்றத்துடன் வெளிவரும். அது காரத்தன்மை அடைவதால் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் ஆகியவை சேர்ந்து கற்களாகப் படிகின்றன. இக்கற்கள் மானின் கொம்புபோற் கிளைத்துச் சிறுநீரகத்தின் உட்பகுதி முழுவதையும் அடைத்துக்கொள்வதும் உண்டு. நாற்றத்திற்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் நேரான தொடர்புள்ள இடங்களுள் இது ஒன்று.

ஆயினும் நாற்றம் மட்டும் தொற்றுக்குச் சான்றாகாது. எரிச்சல், அடிக்கடி நீர் கழிக்கும் உணர்ச்சி, அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் உடனிருத்தல் வேண்டும். முதியவர் பலரின் சிறுநீரில் எத்துன்பமும் விளைவிக்காமல் பாக்டீரியாக்கள் இருப்பதுண்டு. நாற்றத்தை மட்டும் கருதி அவர்களுக்கு எதிருயிரி மருந்து கொடுத்தல் பயனற்றது; மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கவும் அது துணைபோகும். பெண்களிடையே வெள்ளைப்படுதலால் உண்டாகும் நாற்றம் சிறுநீரின் நாற்றமாகத் தவறாகக் கொள்ளப்படுதலும் உண்டு. பெண் ஊழியர்கள் இதனைப் பக்குவமாகக் கேட்டறிதல் வேண்டும்.

இரு சாராரிடத்தில் தாமதம் கூடாது. ஒரு சாரார் கருவுற்ற பெண்கள். இவர்களிடம் அறிகுறி இல்லாத தொற்றும் சிறுநீரகம்வரை பரவிக் கடுங்காய்ச்சலையும் குறைப்பிரசவத்தையும் விளைவிக்கக்கூடும். ஆதலால் கர்ப்பகாலச் சிறுநீர்ச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடலாகாது. மற்றொரு சாரார் சிறு குழந்தைகள். கைக்குழந்தைக்கு எரிச்சலைச் சொல்லத் தெரியாது. காரணம் புலப்படாத காய்ச்சலும், பால் குடிக்க மறுத்தலுமே அடையாளங்கள். சிகிச்சை தாமதித்தால் வளரும் சிறுநீரகத்தில் தழும்புகள் நிலைத்துவிடலாம். பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயர்வதற்கு இத்தழும்புகள் காரணமாகக்கூடும்.

நீரிழிவும் பழமணமும்

சிறுநீரை ஆராய்ந்து நோயறிதல் நம் நாட்டில் மிகப் பழமையானது. நோயாளியின் சிறுநீரை எறும்புகள் நாடுவதைச் சரக சம்ஹிதை நோய்க்குறியாகக் கூறுகிறது. சித்த வைத்தியத்தின் நீர்க்குறிப் பரீட்சையில் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்னும் ஐந்தும் நோக்கப்படுகின்றன. இனிப்பு நீருக்குக் காரணம் சர்க்கரையே என்பதை, நீரை வற்றவைத்துப் பெற்ற எச்சத்தைக் கொண்டு இங்கிலாந்தின் மாத்யூ டாப்சன் 1776-இல் வெளியிட்டார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரைக்கு மணமில்லை. நீரிழிவு நோயாளியின் சிறுநீரிலும் மூச்சிலும் சில வேளை வீசும் கனிந்த பழம் போன்ற மணம் கீட்டோன்கள் என்னும் பொருள்களால் உண்டாவது. இன்சுலின் மிகக் குறைந்து, சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது இவை பெருகுகின்றன. பட்டினி கிடப்பவரிடமும் இவை ஓரளவு தோன்றும். ஆனால் நீரிழிவு உள்ளவரிடம், அல்லது திடீரென்று உடல் இளைத்துத் தாகத்தால் வருந்தும் சிறுவரிடம், பழமணத்தோடு வாந்தியும் ஆழ்ந்த வேக மூச்சும் மயக்கமும் சேர்ந்து காணப்பட்டால் அஃது உயிருக்கு ஆபத்தான நிலை. ஒரு மணி நேரமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நார்வே நாட்டுத் தாய் ஒருத்தி

நாற்றம் ஒன்றையே பற்றிச் சென்று பெரிய உண்மை காணப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. நார்வே நாட்டில் ஒரு தாய்க்கு இரு குழந்தைகள். இருவரும் அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். இருவரிடமும் எப்போதும் ஒரு விசித்திர நாற்றம் வீசியது. அவள் பல வைத்தியர்களை நாடியும் விளக்கம் கிடைக்கவில்லை. 1934-இல் ஆஸ்லோ நகரில் மருத்துவமும் இரசாயனமும் ஒருங்கே கற்ற அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர் அவள் சொல்லைப் புறக்கணியாது கேட்டார். குழந்தைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டியபோது எதிர்பாராத பச்சை நிறம் தோன்றியது. பல வாரங்கள் உழைத்து, அப்பச்சைக்குக் காரணமான பினைல் பைருவிக் அமிலத்தைப் பிரித்தறிந்தார். பின்னர் அறிவு வளர்ச்சி குன்றியோர் 430 பேரின் சிறுநீரைச் சோதித்து, அவர்களுள் 8 பேரிடம் அதே பொருளைக் கண்டார்.

பினைல் கீட்டோன்யூரியா எனப்படும் இந்நோயில் கல்லீரலின் நொதியொன்று பிறவியிலேயே குறைபடுகிறது. உணவுப் புரதத்தின் ஒரு பகுதி சிதையாமல் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. அந்தப் பகுதியைக் குறைத்த உணவால் நன்மை விளைவதை 1953-இல் இங்கிலாந்தில் பிக்கெல் என்பவரும் அவருடைய துணைவர்களும் காட்டினர். பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இந்நோயைக் கண்டறியும் முறையை அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி 1963-இல் வெளியிட்டார். அத்தாயின் குழந்தைகளுக்கு உதவி காலங்கடந்தே வந்தது. ஆனால் அவளுடைய விடாமுயற்சி பின்வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காத்தது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. நாற்றம் சிறுநீரில் வீசினும் நோய் கல்லீரலில் இருந்தது. சிறுநீரகம் அப்பொருள் வெளியேறிய வாயிலாக மட்டுமே விளங்கியது. இது முதற் பாடம். கைக்குழந்தையிடம் நீங்காத புது நாற்றத்தைக் கண்டதாகத் தாய் கூறினால் அதனை இகழலாகாது என்பது இரண்டாவது. 1954-இல் அமெரிக்காவில் அறியப்பட்ட வேறொரு பிறவி நோயில் குழந்தையின் சிறுநீர் சர்க்கரைப்பாகு போல மணக்கும். சில நாட்களிலேயே குழந்தை சோர்ந்து நினைவிழக்கும். வெந்தயம் தரும் மணமும் இத்தகையதே என்பதை முன்னர்க் கண்டோம். தாய் வெந்தயம் உண்டாளா என்று கேட்பது முறையே. ஆனால் குழந்தை பால் குடியாமல் துவண்டு கிடந்தால், வெந்தயத்தின்மேற் பழியைப் போட்டுக் காத்திருத்தல் கூடாது.

நாற்றமற்ற நோய்

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். சிறுநீரகமே நோயுற்றால் நாற்றம் உண்டாகுமா?

நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு உலகெங்கும் முதன்மையான காரணங்கள் நீரிழிவும் உயர்ந்த இரத்த அழுத்தமும் ஆகும். இவற்றால் வடிகட்டிகள் ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி அழிகின்றன. பழுதான வடிகட்டியின் வழியே ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறது. ஆல்புமினுக்கு நாற்றம் இல்லை; மிகுந்தால் நீர் நுரைக்கும், அவ்வளவே. பாதிக்குமேல் ஆற்றல் குறைந்த பின்னரும் நோயாளி தமக்கு ஒரு குறையுமில்லை என்றே எண்ணிக்கொண்டிருப்பது சாதாரணம்.

சிறுநீரைச் செறிவாக்குதல் நல்ல சிறுநீரகத்தின் இலக்கணம் என்று முன்னர்க் கூறினோம். நோயுற்ற சிறுநீரகம் முதலில் இழக்கும் ஆற்றல்களுள் இதுவும் ஒன்று. ஆகவே அந்நோயாளி இரவில் பலமுறை எழுந்து நீர் கழிப்பார். அந்நீர் வெளுத்தும், தெளிந்தும், நாற்றம் குறைந்தும் காணப்படலாம். "தண்ணீர் போலத் தெளிவாகப் போகிறது, எனக்கு என்ன குறை?" என்று அவர் மகிழ்வதும் உண்டு. நோய் முற்றியபின் நாற்றம் தோன்றுமிடமும் சிறுநீரன்று, வாய்தான். இரத்தத்தில் தேங்கிய யூரியா உமிழ்நீரில் சுரந்து, வாயிலுள்ள நுண்ணுயிர்களால் அம்மோனியாவாகிறது. அந்த அடையாளத்திற்காகக் காத்திருப்பவர் வெகுதூரம் காத்திருந்தவராவார்.

மூக்கால் அறியமுடியாத இந்நோயை வேறு வழியால் அறியலாம் என்பதை 1827-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் நிறுவினார். உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவத்திச் சுடரிற் காய்ச்சினார். முட்டையின் வெண்கரு போல அது வெளுத்து உறைந்தது. அவ்வாறு உறைந்தவர்கள் இறந்தபின் சோதித்தபோது அவர்களுடைய சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. 1956-இல் அமெரிக்காவில் ஃப்ரீ தம்பதியர் சிறுநீரில் தோய்த்தவுடன் நிறம் மாறிச் சர்க்கரையைக் காட்டும் காகிதப் பட்டையை உருவாக்கினர். ஆல்புமினைக் காட்டும் பட்டைகளும் தொடர்ந்து வந்தன. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊழியர் பயன்படுத்தும் சோதனைப் பட்டை இவ்வழியில் வந்ததே.

உத்தானம் தரும் பாடம்

ஆந்திரப் பிரதேசத்தின் வட கோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் கடலோரத்தில், தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம் என்ற பகுதி இருக்கிறது. கவிட்டி, சோம்பேட்டை, இச்சாபுரம், பலாசா முதலியன அதைச் சேர்ந்தவை. 1990-களிலிருந்து இங்கு வயலில் உழைக்கும் மக்களிடையே சிறுநீரக நோய் மிகுந்து காணப்படுகிறது. நோயாளிகளிற் பலருக்கு நீரிழிவும் இல்லை. தொடக்கத்தில் இரத்த அழுத்தமும் இல்லை. கடும் வெயிலில் நீர் வற்ற உழைத்தல், குடிநீரிலுள்ள பொருள்கள், பூச்சிக்கொல்லிகள், வலிநீக்கி மாத்திரைகள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றே காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் முடிவு கட்டவில்லை. மத்திய அமெரிக்காவின் எல் சால்வடார், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் இத்தகைய நோய் காணப்படுகிறது.

இந்நோயில் வடிகட்டிகளைவிட அவற்றைத் தொடர்ந்துள்ள நுண்குழல்கள் மிகுதியாகப் பழுதடைகின்றன. ஆதலால் சிறுநீரில் நாற்றமும் இல்லை. நெடுங்காலம்வரை ஆல்புமினும் மிகக் குறைவே. மூக்கு ஏமாறுவது போலக் காகிதப் பட்டையும் இங்கு ஏமாறக்கூடும். இரத்தத்திலுள்ள கிரியாட்டினினை அளந்தாலன்றி உண்மை புலப்படாது. வெளித்தோற்றத்தில் ஆரோக்கியமாக உள்ள நடுவயது உழைப்பாளிக்கும் இரத்தச் சோதனை எதற்கு என்று கேட்பவர்க்கு உத்தானமே விடை.

ஊழியர் செய்யத்தக்கவை

நாற்றத்தைப் பற்றி ஒருவர் கேட்கும்போது கீழ்க்கண்ட வரிசையில் விசாரித்தல் நலம்.

முதலாவதாக, நாற்றம் புதிய சிறுநீரிலேயே உள்ளதா, துணியிலும் தரையிலும் மட்டும் வீசுகிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, நேற்றும் இன்றும் எவ்வளவு நீர் அருந்தினார், என்ன உண்டார், என்ன மருந்து எடுத்தார் என்று அறியவேண்டும். வேறு தொல்லை இல்லையாயின், இரண்டு நாட்கள் போதிய நீர் அருந்திப் பார்க்கச் சொல்லலாம். இருதய நோய், கால் வீக்கம், முன்பே அறியப்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்க்கு நீரின் அளவை வைத்தியரே கூறவேண்டும்.

மூன்றாவதாக, எரிச்சல், காய்ச்சல், விலாப்புற வலி, இரத்தம் கலந்த நீர், முகத்திலோ காலிலோ வீக்கம், வாந்தி, நீர் அடைப்பு ஆகியவற்றைக் கேட்கவேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் அனுப்பவேண்டும். கருவுற்றவரையும் குழந்தையையும் நாற்றம் நீடித்தாலே அனுப்பலாம்.

நான்காவதாக, கேட்டவரின் நாற்றம் நீங்கிவிட்டாலும் உரையாடலை அத்துடன் முடித்துவிடலாகாது. "உங்களுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ உண்டா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? வலிமாத்திரை அடிக்கடி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கவேண்டும். 30 வயது நிறைந்தவர்க்கு அரசாங்க சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படுகின்றன. இந்நோய்கள் உடையவர் ஆண்டுக்கொருமுறையேனும் சிறுநீரில் ஆல்புமினையும் இரத்தத்தில் கிரியாட்டினினையும் அளந்தறிய வேண்டும். தாமே மணம் பற்றி வாய்திறந்து கேட்ட மனிதரிடம் இதனைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்ப்பதரிது.

மருந்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உடல்வலிக்காகக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலிநீக்கி மாத்திரைகளுள் பல சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. மூலிகை என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி முதலிய செடிகள் சேர்ந்த அரிஸ்டோலோகியா இனத்திலுள்ள அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்க வல்லது. உடல் இளைப்பதற்கென்று இவ்வினத்துச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்ட செய்தி 1993-இல் பெல்ஜியத்திலிருந்து வெளிவந்தது.

பள்ளிக்கூடத்தில்

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. கழிப்பிடம் தூய்மையாக இல்லாத பள்ளிகளில் மாணவியர் காலைமுதல் மாலைவரை நீர் அருந்தாமலும், நீரை அடக்கியும் இருக்கின்றனர். செறிந்த சிறுநீர் நெடுநேரம் பையில் தங்குவது கிருமிகள் பெருகுவதற்கு வழி செய்கிறது. மலச்சிக்கலும் இதற்குத் துணையாகிறது. தண்ணீர் குடிக்க ஒரு மணியும், தாழ்ப்பாளும் நீரும் உள்ள கழிப்பிடமும், வகுப்பின் நடுவே கேட்டாலும் மறுக்கப்படாத அனுமதியும், எந்த மருந்தையும்விட அதிகமான தொற்றுகளைத் தடுக்கும்.

ஒரு மாணவனிடமோ மாணவியிடமோ சிறுநீர் நாற்றம் வீசினால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வர். சுத்தக்குறைவு என்று ஆசிரியரும் கடிந்துகொண்டால் அக்குழந்தை அதன்பின் வாய்திறவாது. நீர்க்கசிவும், அடிக்கடி எழுந்து செல்லுதலும், புதிதாக ஏற்பட்ட சோர்வும் நோயின் குறிகளாக இருக்கலாம். தனியே அழைத்து அன்பாகக் கேட்டு, பெற்றோரிடம் சொல்லி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுதலே தக்கது. வகுப்பில் சிறுநீரகத்தின் பாடம் நடத்தும்போது, கழிப்பிடத்து அம்மோனியாவையும் வயலின் யூரியாவையும் ஒருங்கே எடுத்துக் கூறினால், நாணத்திற்குரியதாக எண்ணப்படும் பொருள் அறிவுக்குரியதாக மாறும்.

முடிவுரை

நாற்றம் சொல்லும் செய்தியைக் கேட்கவேண்டும். அதன் அளவறிந்து கேட்கவேண்டும். நீர் குறைந்ததை அது சொல்லும். கிருமி புகுந்ததைச் சில வேளை சொல்லும். சர்க்கரை கட்டுமீறியதைச் சொல்லும். அரிதாக, பிறவிக் குறை ஒன்றையும் சொல்லும். மெல்ல அழியும் சிறுநீரகத்தைப் பற்றி மட்டும் அது வாய்திறப்பதில்லை. அதனைச் சொல்லக்கூடியவை இரத்த அழுத்தக் கருவியும், காகிதப் பட்டையும், சில துளி இரத்தமுமே. இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையை ஏழைகளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசமாக அளிக்கும் தேசியத் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. அது பெரும் உதவியே. ஆயினும் வாரம் இருமுறையோ மும்முறையோ, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் அருகிற் படுத்திருக்கவேண்டிய நிலைக்கு ஒருவர் வராமற் காப்பது அதனினும் பெரிய உதவி. அவ்வுதவியைச் செய்யும் வாய்ப்பு, தாழ்ந்த குரலில் ஒருவர் கேட்கும் ஒரு கேள்வியில், ஊழியரிடமும் ஆசிரியரிடமும் முதலில் வந்து சேர்கிறது.